இனவொதுக்கல் காலத்துக் கிரிக்கெட் வீரர் ஒருவரின் ஆட்ட வாழ்க்கையை எழுதுவது எப்படி

பேசில் டி ஒலிவேராவின் டெஸ்ட் கணக்கு இது: 44 ஆட்டம், 2,484 ரன், சராசரி 40.06, 5 சதம், 47 விக்கெட். முதல் டெஸ்ட் 1966 ஜூனில், லார்ட்ஸ் மைதானத்தில், மேற்கிந்தியத் தீவுகள் அணிக்கு எதிராக, இங்கிலாந்துக்காக ஆடியது. அவர் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில், அரசு பின்னர் கலர்ட் (கலப்பினத்தவர்) என்று வகைப்படுத்திய குடும்பத்தில், 1931 அக்டோபரில் பிறந்தவர் என்று எடுத்துக்கொண்டால், அன்று அவருக்கு வயது 34 முடிந்து எட்டு மாதம். மற்ற மட்டையாளர்கள் ஓய்வைப் பற்றி யோசிக்கும் வயதில் இவர் தொடங்கியிருக்கிறார். இந்தக் கணக்கை முன்னால் வைத்துக்கொண்டு அவரைப் பற்றிய குறிப்பு ஒன்றை நான் முதன்முதலாக எழுதியபோது, "34 வயது வரை அவருக்கு வாய்ப்பு கிடைக்கவில்லை" என்று ஒரு வாக்கியத்தை எழுதி, அது நன்றாக அமைந்துவிட்டதாகவும் நினைத்துக்கொண்டேன்.

பிறகுதான் அந்த வாக்கியத்தின் குறை புரிந்தது. அதில் எழுவாய் "வாய்ப்பு". மழை பெய்யவில்லை, பஸ் வரவில்லை என்பதைப்போல, யாரும் எதுவும் செய்யாமலே தானாக நேர்ந்துவிட்ட ஒன்றாக அது படிக்கப்படும். தமிழில் இந்த வசதி மிகுதி. வாய்ப்பு கிட்டவில்லை, காலம் கனியவில்லை, அதிர்ஷ்டம் கைகொடுக்கவில்லை, கொடுத்து வைக்கவில்லை என்று எத்தனையோ வழியில் நாம் செய்தவனை மறைத்துவிட்டுச் செயலை மட்டும் சொல்லிவிட முடியும். இனவொதுக்கலுக்குள் (அபார்த்தைட், அதாவது அரசே மக்களை இனவாரியாகப் பிரித்து ஒதுக்கிய ஆட்சிமுறை) ஆடிய ஒருவரின் வாழ்க்கையை எழுத உட்காருபவர் முதலில் கைவிட வேண்டியது இந்த வசதியைத்தான். ஏட்டில் இருக்கும் வெற்றிடம் ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர், ஏதோ ஒரு நாளில், ஏதோ ஒரு கூட்டத்தில் உண்டாக்கியிருக்கிறார். அவர் யார் என்று தேடிக் கண்டுபிடித்து, அவரை எழுவாயாக வைத்து எழுதுவதே இந்த வேலை. இந்த வழிகாட்டி தென்னாப்பிரிக்காவை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

தடுத்தவர் யார், எதைக் கொண்டு தடுத்தார்

எழுதத் தொடங்குவதற்கு முன்பு ஒரு தாளில் ஆண்டுகளை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வீரருக்கு அந்தந்த ஆண்டில் என்ன வயது என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். 1950இல் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் வந்தது. அது ஒவ்வொரு மனிதரையும் ஓர் இனப் பெயரின் கீழ்ப் பதிந்தது. அதே ஆண்டில் வந்த குழுவாரிப் பகுதிகள் சட்டம் யார் எங்கே குடியிருக்கலாம் என்று வரையறுத்தது. 1953இல் வந்த தனி வசதிகள் சட்டம் இருக்கை, வாயில், கழிப்பறை வரை பிரித்தது. டி ஒலிவேராவுக்கு இந்தச் சட்டங்கள் வந்தபோது 18 முதல் 22 வயது. ஒரு மட்டையாளர் பெரிய ஆட்டங்களுக்கு எடுக்கப்பட வேண்டிய வயது அது.

இங்கே பலர் செய்யும் ஒரு பிழை உண்டு. "வெள்ளையரும் மற்றவரும் சேர்ந்து கிரிக்கெட் ஆடுவதைச் சட்டம் தடை செய்தது" என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி நேரடியாகச் சொல்லும் சட்டம் எதுவும் இருக்கவில்லை. குடியிருப்பையும் வசதிகளையும் பிரித்த சட்டங்கள் மைதானத்தையும் சேர்த்தே பிரித்தன. அதன் மேல், 1956இல் உள்துறை அமைச்சராக இருந்த டோங்கெஸ், வெள்ளையரும் வெள்ளையரல்லாதாரும் தங்கள் விளையாட்டைத் தனித்தனியே நடத்த வேண்டும் என்பதை அரசின் கொள்கையாக அறிவித்தார். எஞ்சியதைக் கிரிக்கெட் நிர்வாகிகள் தாங்களாகவே செய்து முடித்தார்கள். இந்த வேறுபாடு எழுதுபவருக்கு மிக முக்கியம். எல்லாப் பழியையும் சட்டத்தின் தலையில் போட்டுவிட்டால், அந்தச் சட்டம் பிறப்பதற்கு அறுபது ஆண்டு முன்பே கதவைச் சாத்தியவர்கள் தப்பிவிடுவார்கள்.

கிரோம் ஹென்ட்ரிக்ஸ் என்ற வேகப்பந்து வீச்சாளரைப் பாருங்கள். 1892இல் கேப் டவுனுக்கு வந்த இங்கிலாந்து அணிக்கு எதிராக, கேப் பகுதி முஸ்லிம் சமூகத்தவரின் மலாய் அணி ஆடியபோது அவர் 50 ரன் கொடுத்து 4 விக்கெட் எடுத்தார். அவருடைய வேகத்தை இங்கிலாந்து வீரர்களே வியந்து பேசினார்கள். 1894இல் தென்னாப்பிரிக்க அணி முதன்முதலாக இங்கிலாந்துக்குப் புறப்பட்டபோது அவர் பெயர் பேசப்பட்டது, பிறகு நீக்கப்பட்டது. மூட்டை முடிச்சுகளைக் கவனிக்கும் பணியாளராக வேண்டுமானால் அழைத்துச் செல்லலாம் என்ற யோசனையும் எழுந்தது, ஹென்ட்ரிக்ஸ் அதற்கு உடன்படவில்லை. அன்று கேப் காலனியின் பிரதமர் செசில் ரோட்ஸ். ஹென்ட்ரிக்ஸை அனுப்பக் கூடாது என்று தடுத்தது தாமே என்பதை ரோட்ஸ் பின்னாளில் தம் வாயாலேயே சொல்லியிருக்கிறார். 1894இல் மக்கள்தொகைப் பதிவுச் சட்டமும் இல்லை, குழுவாரிச் சட்டமும் இல்லை. ரோட்ஸ் இருந்தார், அவர் பேச்சைக் கேட்கும் தேர்வாளர்கள் இருந்தார்கள். ஆகவே "ஹென்ட்ரிக்ஸ் தேர்வு பெறவில்லை" என்று எழுதாமல் "ரோட்ஸ் தடுத்தார், தேர்வாளர்கள் பணிந்தார்கள்" என்று எழுதுங்கள்.

இன்னொரு உண்மையையும் இந்தப் பகுதியிலேயே சொல்லிவிட வேண்டும். 1889 முதல் 1970 வரை தென்னாப்பிரிக்கா என்ற பெயரில் ஆடப்பட்ட 172 டெஸ்டுகளும் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்று அணிகளோடு மட்டுமே ஆடப்பட்டவை. இந்தியாவோடும் பாகிஸ்தானோடும் மேற்கிந்தியத் தீவுகளோடும் ஓர் ஆட்டம்கூட இல்லை. அந்த மூன்று நாடுகளும் "எங்களோடும் ஆடு" என்று கட்டாயப்படுத்த முடியாத அமைப்பாகவே உலகக் கிரிக்கெட் நிர்வாகம் அன்று இருந்தது. உங்கள் வீரரை வெளியே நிறுத்தியவர்களில் இலண்டனில் உட்கார்ந்திருந்தவர்களும் உண்டு.

ஏடு எங்கே இருக்கிறது

வெள்ளையர் அணிகளின் ஸ்கோர் அட்டைகள் ஆண்டுமலர்களில் அச்சாகிப் பத்திரமாக இருக்கின்றன. மற்றவர்களின் ஆட்டங்கள் செய்தித்தாளில்தான் இருக்கின்றன, அதுவும் எல்லாச் செய்தித்தாளிலும் அல்ல. கிழக்குக் கேப் பகுதியின் ஆப்பிரிக்கர் அணிகளைத் தேடுபவர், ஜான் டெங்கோ ஜபாவு என்ற இதழாளர் 1884இல் கிங் வில்லியம்ஸ் டவுனில் தொடங்கிய இம்வோ ஜபாண்ட்சுண்டு என்ற கோசா மொழி வார இதழிலிருந்து தொடங்க வேண்டும். மிஷன் பள்ளிகளில் படித்த இளைஞர்கள் ஆடிய ஆட்டங்கள் அந்த இதழில் பதிவாகியிருக்கின்றன. கறுப்பின மக்களுக்குக் கிரிக்கெட் புதிது, அதில் அவர்களுக்கு நாட்டமில்லை என்று இருபதாம் நூற்றாண்டு முழுதும் சொல்லப்பட்ட பொய்க்கு அந்தப் பக்கங்களே போதுமான மறுப்பு. கேப் டவுனுக்குக் கேப் ஸ்டாண்டர்ட், 1950களுக்கு டிரம் மாத இதழும் கோல்டன் சிட்டி போஸ்ட்டும், டர்பனின் இந்தியர் அணிகளுக்கு லீடரும் கிராஃபிக்கும் உதவும். பெரிய நாளேடுகள் சில, வெள்ளையரல்லாத வாசகர்களுக்கென்று தனிப் பதிப்பு அச்சிட்டன. நூலகத்தில் உங்கள் கைக்கு வருவது எந்தப் பதிப்பு என்று பார்க்காமல் "செய்தி வெளிவரவில்லை" என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

டர்பன் நகரம் இருக்கும் நேட்டாலில் ஆடிய வீரர்களைப் பற்றி எழுத முனையும் தமிழருக்கு ஒரு தனி உதவி உண்டு, அதைப் பயன்படுத்தாமல் விடக் கூடாது. சென்னையிலிருந்து புறப்பட்ட டிரூரோ கப்பல் 1860 நவம்பரில் ஒப்பந்தக் கூலிகளை டர்பனில் இறக்கியது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் கர்ரீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் கிரிக்கெட்டும் கால்பந்தும் ஆடினார்கள். கப்பலேறும்போதும் இறங்கும்போதும் ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்களே குடும்பப் பெயர்களாக நிலைத்துவிட்டன. கவுண்டர் என்பது கோவெண்டர் ஆயிற்று, முதலி மூட்லி ஆயிற்று, படையாட்சி படயாச்சி ஆயிற்று, நாயுடு நாய்டூ ஆயிற்று. ஸ்கோர் அட்டையில் இந்தப் பெயர்களைக் காணும்போது, இன்னொரு மொழிக்காரர் காணாத ஒன்று நமக்குத் தெரிகிறது. ஆனால் அந்த நெருக்கமே ஆபத்தும் ஆகும். ஒரே அட்டையில் பிள்ளை என்ற பெயருடைய மூவர் இருக்கலாம், முன்னெழுத்து விடுபட்டிருக்கலாம், அண்ணன் எடுத்த ரன்னைத் தம்பி பெயரில் எழுதிவிடலாம். சங்கத்தின் பெயர், ஆண்டு, மட்டை பிடித்த வரிசை எண் ஆகிய மூன்றும் ஒத்துவந்த பிறகே இருவர் ஒருவர்தான் என்று முடிவு செய்யுங்கள். பெயரைப் பார்த்துச் சாதியையோ சொந்த ஊரையோ ஊகித்து எழுதுவதை அறவே தவிர்த்துவிடுங்கள். நான்காம் தலைமுறையில் அந்தப் பெயர் வெறும் பெயர்.

வயதிலும் இதே எச்சரிக்கை தேவை. டி ஒலிவேரா இங்கிலாந்து வந்தபோது தம் வயதைக் குறைத்தே சொன்னார். உண்மை வயது தெரிந்தால் எந்தத் தேர்வாளரும் தம்மை ஏறெடுத்துப் பார்க்கமாட்டார் என்பது அவருக்குத் தெரியும். இதைப் பொய் என்று எழுதினால் சொல் சரியாக இருக்கும், நீதி சரியாக இருக்காது. திருடப்பட்ட ஆண்டுகளில் சிலவற்றை அவர் தம் பிறப்புக் கணக்கிலிருந்தே மீட்டுக்கொண்டார் என்றுதான் நான் அதைப் பார்க்கிறேன். கட்டுரையில் எந்த ஆண்டை ஏற்றுக்கொண்டீர்கள் என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டு, வயதுக் கணக்கை எல்லாம் அந்த ஒரே ஆண்டிலிருந்து போடுங்கள்.

ஆடுகளத்தைப் பார்க்காமல் ரன்னை எழுதாதீர்கள்

இதுதான் என் பார்வையில் வேலையின் நடுப்பகுதி. சனிக்கிழமை காலையில் வீரர்கள், ஆடுகளமாகத் தரையில் போடும் விரிப்பைச் சுருட்டித் தோளில் சுமந்துகொண்டு வருவார்கள். விரிப்பைப் போடுவதற்கு முன்பு தரையிலிருக்கும் கற்களைப் பொறுக்கி எறிய வேண்டும், மேடுபள்ளத்தைத் தட்டிச் சமன் செய்ய வேண்டும், பிறகு விரிப்பை இழுத்துக் கட்டி ஆணி அடிக்க வேண்டும். கேப் டவுனின் கிரீன் பாயின்ட் திடல் போன்ற பொது இடங்களில் ஒரே நேரத்தில் பல ஆட்டங்கள் நடக்கும். ஓர் ஆட்டத்தின் எல்லைக்கோட்டருகே நிற்பவர் பக்கத்து ஆட்டத்தின் மட்டையாளருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். வெளித்தரையில் சரளையும் உயரமான புல்லும் கிடப்பதால், தரையோடு அடித்த பந்து பாதி வழியில் நின்றுவிடும். தூக்கி அடித்தால்தான் நான்கும் ஆறும் வரும்.

டி ஒலிவேரா இளமையில் ஏன் அப்படித் தூக்கி அடித்தார் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை. அந்தத் தரையில் தரையோடு அடிப்பது ரன்னை வீணாக்குவதாகும். அதே மனிதர் 1960இல் இங்கிலாந்தின் மிடில்டன் சங்கத்துக்கு ஆட வந்து, ஈரமான புல்தரை ஆடுகளத்தில் நின்றபோது முதல் சில வாரங்கள் திணறினார். திணறியதில் வியப்பில்லை, 28 வயது வரை அவர் ஆடிய ஆடுகளங்கள் விரிப்பு ஆடுகளங்கள்தான். வியப்பு அதற்குப் பிறகு நடந்தது. அந்தப் பருவம் முடிந்தபோது அவர் கணக்கில் 930 ரன்னும் 71 விக்கெட்டும் இருந்தன, மட்டைச் சராசரியில் அதே லீக்கில் ஆடிய கார்ஃபீல்ட் சோபர்ஸைவிட மேலே இருந்தார். விரிப்பைப் பற்றி எழுதாமல் இந்த எண்களை மட்டும் எழுதினால், ஒரு நல்ல லீக் பருவம் என்று வாசகர் கடந்துபோய்விடுவார். கல் பொறுக்கிய கை இது என்று தெரிந்துகொண்டவர் அப்படிக் கடக்கமாட்டார்.

மைதானத்தின் மறுபக்கத்தையும் காட்டுங்கள். நியூலாண்ட்ஸ் போன்ற பெரிய மைதானங்களில் வெள்ளையரல்லாதாருக்கென ஒதுக்கிய பகுதி இருந்தது. அங்கே நின்று பார்த்தவர்கள் வருகின்ற அணிக்குத்தான் கைதட்டினார்கள், உள்நாட்டு அணிக்கு அல்ல. அந்தக் கைதட்டலையும் ஆட்ட வரலாற்றின் பகுதியாகவே சேர்க்க வேண்டும்.

எண்களை எப்படிக் கையாள்வது

இத்தகைய வீரர்களைச் சுற்றி எப்போதும் பெரிய எண்கள் நிற்கும். டி ஒலிவேரா சங்க ஆட்டம் ஒன்றில் 70 நிமிடத்தில் 225 ரன் எடுத்தார் என்றும், எட்டுப் பந்து கொண்ட ஓர் ஓவரில் 46 ரன் அடித்தார் என்றும் சொல்லப்படுகிறது. இவற்றை அப்படியே அள்ளிப் போட்டால் கட்டுரை புராணமாகிவிடும், முழுதும் தள்ளிவிட்டால் அவரை ஏட்டிலிருந்து நீக்கியவர்களின் வேலையை நாமும் சேர்ந்து செய்தவர்களாவோம். நான் கடைப்பிடிக்கும் முறை எளியது. எந்த அணிக்காக, யாருக்கு எதிராக, யார் சொன்னது அல்லது எந்த இதழ் அச்சிட்டது என்ற மூன்றில் குறைந்தது இரண்டு கிடைத்தால் எண்ணை எழுதி, "என்று சொல்லப்படுகிறது" அல்லது "என்று அந்த இதழ் பதிந்தது" என்று உடன் குறிப்பேன். ஒன்றும் கிடைக்காவிட்டால் எண்ணை விட்டுவிட்டு, அவர் ஆட்டத்தைக் கண்டவர்கள் அவரைப் பற்றி என்ன பேசினார்கள் என்பதை மட்டும் எழுதுவேன்.

அச்சான எண்களிலும் கவனம் தேவை. முதல்தர ஆட்டம் (வீரரின் அதிகாரபூர்வ ஏட்டில் சேரும் பல நாள் ஆட்டம்) என்ற தகுதி யார் கொடுத்தது என்று கேளுங்கள். வெள்ளையரல்லாதாரின் கட்டுப்பாட்டு வாரியம் நடத்திய மாநில ஆட்டங்களுக்கு அக்காலத்தில் அந்தத் தகுதி இல்லை. 1971-72 முதல் 1990-91 வரை அந்த வாரியமும், அதன் வழிவந்த தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் வாரியமும் நடத்திய மூன்று நாள் ஆட்டங்கள் பிற்காலத்தில்தான் முதல்தர ஆட்டங்களாக ஏற்கப்பட்டன. ஆகவே 1950களில் உச்சத்தில் இருந்த எரிக் பீட்டர்சன் போன்ற ஒரு வேகப்பந்து வீச்சாளரைத் தரவுத் தளத்தில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும், 1980களில் ஆடியவருக்கு முழுப் பட்டியலே கிடைக்கும். இந்த வேறுபாடு திறமையில் இல்லை, தேதியில் இருக்கிறது. டி ஒலிவேராவின் முதல்தர ஏடும் 1961-62இல்தான் திறக்கிறது. அதற்கு முன்பு அவர் 1956இல் கென்யாவின் ஆசியர் அணியை எதிர்த்தும், 1958இல் கிழக்கு ஆப்பிரிக்கப் பயணத்திலும் வெள்ளையரல்லாதாரின் தென்னாப்பிரிக்க அணிக்குத் தலைமை தாங்கி வென்றதெல்லாம் அந்த ஏட்டுக்கு வெளியே நிற்கின்றன.

இந்த வாரிய ஆட்டங்களில் பந்துவீசிய வின்சென்ட் பார்ன்ஸ் 323 முதல்தர விக்கெட்டுகளை 11.95 என்ற சராசரியில் எடுத்தார். இந்த எண்ணைக் கண்டதும் உலகின் பெரிய பந்துவீச்சாளர்களோடு ஒப்பிடத் தோன்றும். செய்யாதீர்கள். அந்த ஆட்டங்கள் நடந்த ஆடுகளங்கள் கரடுமுரடானவை, பராமரிக்க நகரசபை பணம் கொடுக்கவில்லை, மட்டையாளர்கள் எல்லோருமே அங்கே தடுமாறினார்கள். ஒப்பிட வேண்டுமென்றால், அதே ஆண்டில் அதே போட்டியில் பந்துவீசியவர்களோடு ஒப்பிடுங்கள். பார்ன்ஸ் அங்கேயும் முன்வரிசையில் நிற்கிறார். அதுதான் அவருக்கு உரிய மதிப்பு, யாருடைய தயவும் வேண்டாத மதிப்பு.

நேர் ஒப்பீடு ஒன்றை மட்டும் நான் ஊக்குவிப்பேன், அது வயதுக்கு வயது வைக்கும் ஒப்பீடு. வெள்ளையரான கிரேம் பொல்லாக் 1944இல் பிறந்தார், 1963 டிசம்பரில் 19 வயதில் தென்னாப்பிரிக்காவுக்காக முதல் டெஸ்ட் ஆடினார், 23 டெஸ்டில் 60.97 சராசரியில் 2,256 ரன் எடுத்தார். 1970க்குப் பிறகு உலகம் தென்னாப்பிரிக்காவைத் தள்ளிவைத்ததால், அவர் டெஸ்ட் வாழ்க்கை 26 வயதில் நின்றது. அவரைப் பற்றி எழுதும்போதெல்லாம் இழப்பு என்ற சொல் வருகிறது. அது இழப்புத்தான், மறுக்கவில்லை. ஆனால் 19 முதல் 26 வரை அவர் ஆடினார். டி ஒலிவேரா அந்த வயதில் விரிப்பைச் சுமந்துகொண்டிருந்தார். பீட்டர்சனுக்கு ஒரு டெஸ்ட்கூட இல்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து "இருதரப்புக்கும் இழப்பு" என்று எழுதும் பழக்கம் பரவலாக இருக்கிறது. வயதை அருகருகே எழுதிக்காட்டினால் போதும், அந்தத் தட்டு தானே சாயும்.

நாள்வாரியாக எழுதுங்கள்

புகழ்பெற்ற நிகழ்ச்சி ஒன்று வரும்போது உணர்ச்சி நம்மை இழுத்துக்கொண்டு போகும். அப்போது தேதிகளைப் பிடித்துக்கொள்வதே வழி. 1968ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு மார்ச்சில், எம்.சி.சி.யின் (இங்கிலாந்தின் பயண அணிகளை அந்நாளில் தேர்ந்து அனுப்பிய சங்கம்) முன்னாள் தலைவர் கோபம் பிரபு தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஃபோர்ஸ்டரைச் சந்தித்தார். டி ஒலிவேரா அணியில் இருந்தால் இங்கிலாந்தின் தென்னாப்பிரிக்கப் பயணம் நடக்காது என்ற செய்தி அவர் வழியாக எம்.சி.சி.யின் உச்சியில் இருந்த சிலருக்குப் போய்ச் சேர்ந்தது, அவர்கள் அதைக் குழுவின் முன் வைக்கவில்லை. ஜூனில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான முதல் டெஸ்டில் ஆட்டமிழக்காமல் 87 ரன் எடுத்த டி ஒலிவேரா அடுத்த டெஸ்டிலேயே நீக்கப்பட்டார். ஆகஸ்டில் ஓவல் டெஸ்டுக்கு முன்பு ரோஜர் பிரிடோ உடல்நலமின்றி விலகியதால் அழைக்கப்பட்டார். 31 ரன்னில் இருந்தபோது விக்கெட் கீப்பர் ஜார்மன் ஒரு கேட்சைத் தவறவிட்டார், டி ஒலிவேரா 158 வரை போனார். 27ஆம் தேதி இங்கிலாந்து வென்றது. 28ஆம் தேதி அறிவிக்கப்பட்ட பயண அணியில் அவர் பெயர் இல்லை. செப்டம்பர் 16இல் காயத்தால் டாம் கார்ட்ரைட் விலக, டி ஒலிவேரா சேர்க்கப்பட்டார். மறுநாளே ஃபோர்ஸ்டர் புளும்ஃபொன்டெய்னில் பேசி அந்த அணியை ஏற்க மறுத்தார். 24ஆம் தேதி பயணம் கைவிடப்பட்டது.

இப்படி எழுதிவிட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். "சதி" என்ற சொல்லை நீங்கள் ஓர் இடத்திலும் எழுதவில்லை, எழுதத் தேவையும் இல்லை. யாருக்கு எப்போது என்ன தெரியும் என்பதை வரிசையாக வைத்தாலே வாசகர் தம் தீர்ப்புக்கு வந்துவிடுவார். ஆனால் இந்த ஒரு மாதமே அவர் வாழ்க்கை என்று எழுதிவிடாதீர்கள். 1958இல் அவர் ஜான் ஆர்லட் என்ற ஆங்கில வர்ணனையாளருக்குப் பச்சை மையில் எழுதிய கடிதமும், மிடில்டன் சங்கத்தின் 450 பவுண்டு ஒப்பந்தமும், அவருடைய நண்பர்கள் ஆட்டம் நடத்திப் பணம் திரட்டி அவரை வழியனுப்பியதும், 1960இல், காவலர்கள் கறுப்பின மக்களைச் சுட்டுக்கொன்ற ஷார்ப்வில் படுகொலை நடந்து சில நாட்களே ஆனபோது, கருவுற்ற மனைவியை விட்டுப் புறப்பட்டதும் ஓவலுக்குச் சமமான இடத்தைக் கேட்கின்றன.

எதிர்ப்புக்குள் இருந்த பிளவு

தடுத்தவர்கள் ஒரு பக்கம், தடுக்கப்பட்டவர்கள் மறு பக்கம் என்று கோடு போட்டுவிட்டால் எழுதுவது எளிது, ஆனால் வாழ்க்கை அப்படி ஓடவில்லை. 1959இல் ஃபிராங்க் வொரெல் தலைமையில் ஒரு மேற்கிந்திய அணி வந்து வெள்ளையரல்லாத அணிகளோடு ஆடுவதாக இருந்தது. டி ஒலிவேராவுக்கும் தோழர்களுக்கும் அது வாழ்நாள் கனவு. அரசும் அதற்குத் தடை சொல்லவில்லை, பிரிந்து ஆடுவதுதானே அரசின் விருப்பம். டென்னிஸ் புரூட்டஸ் செயலாளராக இருந்த தென்னாப்பிரிக்க விளையாட்டுச் சங்கம் எதிர்த்தது, பயணம் கைவிடப்பட்டது. கொள்கையளவில் புரூட்டஸ் சொன்னது சரியென்றே நான் கருதுகிறேன். அந்தச் சரிக்கு விலை கொடுத்தவர்கள் 27, 28 வயது வீரர்கள் என்பதையும் அதே பத்தியில் எழுத வேண்டும்.

1970களிலும் இதே கேள்வி வேறு வடிவில் வந்தது. ஹசன் ஹோவா தலைமையிலான வாரியம், இயல்பற்ற சமுதாயத்தில் இயல்பான விளையாட்டு இருக்க முடியாது என்று முழங்கியது. வெள்ளையர் சங்கம் 1977க்குப் பிறகு கதவைச் சற்றுத் திறந்தபோது, உள்ளே போனவர்களைச் சொந்தத் தெருவே புறக்கணித்தது. அப்படிப் போனவர்களில் ஒருவரான ஓமர் ஹென்றி, நாடு திரும்பவும் உலகக் கிரிக்கெட்டுக்குள் வந்த பிறகு, 1992 நவம்பரில் டர்பனில் இந்தியாவுக்கு எதிராக 40 வயதில் டெஸ்ட் ஆடினார். பார்ன்ஸ் போகவில்லை, அவருக்கு டெஸ்ட் இல்லை. ஒருவரைத் துரோகி என்றும் மற்றவரைத் தியாகி என்றும் எழுதும் உரிமை, அந்த வரிசையில் நிற்காத நமக்கு இல்லை. ஒவ்வொருவரும் எந்த வயதில், என்ன வருமானத்தில், யாருடைய கண்முன்னால் முடிவெடுத்தார் என்பதைச் சொல்லுங்கள்.

சொற்களும் கடைசி வேலைகளும்

கலர்ட், பாண்டு (ஆப்பிரிக்கர்), ஏசியாட்டிக் (ஆசியர்) முதலியவை அரசு அலுவலகம் மக்கள்மேல் முத்திரையாகக் குத்திய சொற்கள். "அவர் கலர்ட் இனத்தவர்" என்று எழுதும்போது அந்த அலுவலகத்தின் முத்திரையை நாமே மறுபடி குத்துகிறோம். "அரசு கலர்ட் என்று வகைப்படுத்திய குடும்பத்தில் பிறந்தவர்" என்று எழுதினால் நீளம்தான், ஆனால் முத்திரை குத்தியவர் வாக்கியத்துக்குள் வந்துவிடுகிறார். "வெள்ளையரல்லாதார்" என்பதும் ஒருவரை இல்லாத ஒன்றால் குறிக்கும் சொல். சங்கப் பெயர்களில் வரும்போது மாற்ற முடியாது, உங்கள் சொந்த வாக்கியங்களில் குறைத்துக்கொள்ளலாம். சார்லி லூவெலின் போல, பிறப்பைப் பற்றியே சர்ச்சை உள்ளவர் என்றால், 1896 முதல் 1912 வரை 15 டெஸ்ட் ஆடினார் என்ற உறுதியான செய்தியை முதலில் வைத்து, சர்ச்சை உண்டு என்பதைச் சர்ச்சையாகவே சொல்லுங்கள்.

புள்ளிவிவரப் பெட்டியில் டெஸ்ட், முதல்தரம் என்ற இரண்டு வரிகளோடு நின்றுவிடாமல், மூன்றாவதாகச் "சங்க, மாநில ஆட்டங்கள்" என்ற வரியையும் சேர்த்து, ஆண்டுகளையும் அணிகளையும் எழுதி, எண் தெரியாத கட்டத்தில் கோடு போட்டு வையுங்கள். பூச்சியம் போடாதீர்கள், பூச்சியம் என்றால் ஆடி எடுக்காதது என்று பொருள்.

அணிப் புகைப்படம் கிடைத்தால், உட்கார்ந்திருப்பவர்களோடு நின்றுகொண்டிருக்கும் ஸ்கோர் எழுதுபவரின் பெயரையும் விசாரித்துக் குறியுங்கள், ஏனென்றால் நீங்கள் எழுதிய ரன் எல்லாம் அவர் கையால் பதிந்தவை. யாருடைய பெயர் கிடைக்கவில்லையோ, அவர் நிற்கும் இடத்தை, இடமிருந்து எத்தனையாவது என்று, பெயருக்கு இடம் விட்டு எழுதி வையுங்கள். படத்தைப் பார்க்கும் பேத்தி ஒருத்தி அந்த இடத்தை நிரப்பி எழுதியனுப்பக்கூடும்.